வாசகர் கேள்வி பதில்: மிருகம் பிடிக்கும் என்றால் மட்டும் போதுமா?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். மருத்துவபீடம் கிடைக்காது என்று எனக்கே தெரியும், அதில் கவலையும் இல்லை. வனவிலங்கு முகாமைத்துவமும் பாதுகாப்பும் படிக்கத்தான் ஆசை. வீட்டில் “அதைப் படிச்சு மிருகக்காட்சிச்சாலையிலயா நிக்கப்போறாய்?” என்கிறார்கள். எங்கே படிக்கலாம், என்ன படிப்பிப்பார்கள், வேலை கிடைக்குமா?
– சரசாலை வாசகி

பதில்: அந்தப் பெயரிலேயே ஒரு பட்டம் வேண்டும் என்று பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள், தங்கச்சி. கிட்டத்தட்ட அந்தப் பெயரில் களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் இருக்கிறது, வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம், ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியலையும் சுற்றாடலையும் சேர்த்து ஒரு துறை. இசட் புள்ளி எங்கே கொண்டுபோய் விடுகிறதோ போங்கள். ஆனால் இந்த நாட்டில் வனவிலங்கு ஆய்வு செய்கிற கனபேர் வெறும் விலங்கியல் பட்டத்தோடு தொடங்கியவர்கள்தான், அது திருநெல்வேலியில் யாழ். பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டோடு பஸ்ஸில் போய்வரலாம். மூன்று வருடப் பொதுப்பட்டத்தோடு நின்றுவிடாமல் நாலாம் வருடச் சிறப்புப்பட்டத்துக்குப் போகப் பாருங்கள். சொந்தமாக ஒரு ஆய்வு செய்ய அந்த வருடத்தில்தான் விடுவார்கள், பிறகு எந்த நேர்முகத்தேர்விலும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒன்று மட்டும் கவனம், விலங்கு விஞ்ஞானம் என்று கண்டவுடன் விண்ணப்பத்தில் முதலாவதாகப் போட்டுவிடாதீர்கள், அங்கே பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான்.

என்ன படிப்பிப்பார்கள் என்றால், எண்ணப் படிப்பிப்பார்கள். பகிடி இல்லை. ஒரு குளத்தில் எத்தனை ஆமை என்று கேட்டால் எல்லாவற்றையும் பிடித்து எண்ண ஏலாது. முதலில் 50 ஆமையைப் பிடித்து ஓட்டில் குறியிட்டு விடுகிறீர்கள். கொஞ்சநாள் கழித்துத் திரும்பவும் பொறி வைக்க 40 அகப்படுகிறது, அதில் 10 குறியோடு இருக்கிறது. அகப்பட்டதில் நாலில் ஒன்றுக்குக் குறி இருந்தால் குளத்திலும் நாலில் ஒன்றுக்குத்தான் இருக்கும், ஆகவே மொத்தம் 200. சரி, முதல்தரம் அகப்பட்ட ஆமை பயந்துபோய்ப் பொறிப்பக்கமே வராமல் விட்டால்? 10க்குப் பதில் 5 தான் வரும், உங்கள் கணக்கு 400 என்று சொல்லும். இல்லாத 200 ஆமையை அறிக்கையில் எழுதிவிட்டீர்கள், அதை நம்பி யாரோ ஒருவர் அந்தக் குளத்துக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று கையெழுத்து வைப்பார். நாலு வருடப் படிப்பில் முக்கால்வாசி இந்தச் சந்தேகத்தைப் பழக்குவதற்குத்தான். புள்ளிவிபரவியல், ஆர் என்ற இலவச மென்பொருள், வரைபடம் கீற ஜி.ஐ.எஸ்., தானியங்கிக் கமரா எல்லாம் அதன் பின்னால் வரும். உயர்தரத்தில் கணிதத்தை விட்டுத் தப்பினேன் என்று சந்தோஷப்பட்டிருந்தால், மன்னிக்கவேண்டும், அது இங்கே திரும்பி வந்து நிற்கும்.

நீங்கள் சரசாலை என்கிறீர்கள், குருவிக்காடு பக்கத்தில்தானே. கம்பஸ் தொடங்கும்வரை ரியூசன் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். ஒக்டோபரிலிருந்து மார்ச் ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் நிற்கும் காலம். காலமை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று தண்ணீரில் இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவு துண்டுகளாகக் கூட்டத்தின் மற்றக் கரைவரை போகவேண்டும். பாதியில் ஒரு பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிடும், இருக்கவிட்டு முதலிலிருந்து எண்ணவேண்டும். தோழி ஒருத்தியும் தனியாக எண்ணட்டும், எண்ணி முடியும்வரை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது. இரண்டு எண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்தால் தலை சுற்றும். திகதி, நேரம், காற்று, கடனீரேரியில் தண்ணீர் எவ்வளவு என்பதோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அந்தக் கொப்பிக்கு எந்தச் சான்றிதழையும் விடப் பெறுமதி இருக்கிறது.

மிருகத்தைப் பற்றி மட்டும் படித்தால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று ஊருக்குள் வந்து பத்துப்பேர் அளவில் காயப்பட்டு, பிறகு சனம் கூடி அதை அடித்துக் கொன்று படமும் எடுத்து, பிறகு கைதும் வழக்கும் என்று போனது ஞாபகம் இருக்கும். பயந்த சிறுத்தையைச் சுற்றி நூறுபேர் நின்றால் அது பாயத்தான் செய்யும். சனத்தைப் பின்னால் எடுத்து ஒரு வழியைத் திறந்துவிடுவது மயக்க ஊசி அடிப்பதைவிடப் பெரிய வேலை, அந்த நேரத்தில் ஊர்ச்சனம் யாருடைய சொல்லைக் கேட்கும் என்பதுதான் கேள்வி. யானையும் அப்படித்தான். இலங்கையில் யானை நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாவற்றையும் துரத்திப் பூங்காவுக்குள் விட்டு மின்வேலி போட்டால் தீரும் என்று பல வருடமாகச் செய்து பார்த்தாயிற்று, உள்ளே தீன் போதாமல் யானை மெலிந்ததுதான் மிச்சம். கல்கமுவப் பக்கம் வேறுமாதிரிச் செய்தார்கள்: காட்டைச் சுற்றி அல்ல, வயலைச் சுற்றி வேலி, விதைத்தபின் கமக்காரர் தாங்களே போட்டு அறுவடை முடியக் கழற்றிவிடுவார்கள், தங்கள் வேலி என்பதால் தாங்களே பார்ப்பார்கள். இதில் யானையைப் பற்றிய அறிவு பாதி, கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இருந்து கதைக்கத் தெரிவது பாதி.

வேலை? நேராகச் சொன்னால் இடங்கள் குறைவு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், வனவளத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கடல் பக்கம் போனால் நாரா என்ற நீர்வள ஆய்வு நிறுவனம், வீதியோ காற்றாலையோ வருமுன் சூழல் தாக்க அறிக்கை எழுதும் தனியார் நிறுவனங்கள், ஆசிரியத் தொழில். பட்டம் முடித்து அபிவிருத்தி உத்தியோகத்தராகிப் பிரதேச செயலகத்தில் கோப்புத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. சிங்களம் படியுங்கள், வாசிக்கவும் கதைக்கவும். விலங்கியலை விட அதுதான் முதல் ஐந்து வருடத்தில் உங்களைத் தூக்கிவிடும்.

கேள்வி: எங்கட காணியில் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போகிற வனசீவராசிகள் திணைக்கள ஆட்களின் படிப்பைத்தான் படிப்பேன் என்று என் மகன் நிற்கிறான். அப்பா காலத்தில் பயிர் செய்த நிலம் இப்ப காடாம். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், வடமராட்சி கிழக்கு

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது, அதை மகனிடம் மறைக்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்துச் சுண்டிக்குளம் 1938 இலிருந்து சரணாலயம், 2015 இல் தேசிய பூங்கா ஆனது. 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், தேசிய பூங்கா என்றால் அரச காணி மட்டும்தான். இதற்கிடையில் போரில் சனம் இடம்பெயர்ந்து வருடக்கணக்காக நிலம் சும்மா கிடந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பற்றைக்காடும் காடும் பச்சைதான், பற்றைக்குள் இருக்கிற கிணற்றுக்கட்டும் வரம்பும் அதில் தெரியாது. தரையில் வந்து நடந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், மகன் போகட்டும். வரைபடம் கீறுகிற மேசையில் வடமராட்சி கிழக்கு மணலை மிதித்த ஒருத்தர் இருந்தால், இந்தக் கோடு எங்கே போகிறது, இந்தக் கிணறு யாருடையது என்று கேட்பார். அதோடு அங்கே பாதுகாக்கவேண்டிய உண்மையான காடும் களப்பும் பூநாரைக் கூட்டமும் இருக்கிறது, அதை நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள். உங்கள் உறுதியையும் பெர்மிட்டையும் பழைய வரி ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டுப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து வையுங்கள். அதற்கு மகனின் பட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி ஆய்வு செய்யலாமா? அவை வனவிலங்கா?
– வேலணை மாணவன்

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி, நல்ல தலைப்பு. ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை, ஆளில்லாமல் விடப்பட்டுக் காட்டுக்குப் பழகிவிட்டன. இயற்கையாக அந்தத் தீவுக்கு உரியவை அல்ல, ஆனால் தீவின் ஒரு பகுதி 2015 இலிருந்து தேசிய பூங்கா, சனத்துக்கும் குதிரையில் ஒரு பெருமை. எத்தனை நிற்கலாம், வரட்சியில் தண்ணீருக்கு மாடுகளோடு போட்டி எவ்வளவு என்று பாருங்கள். கூட விடுவதா, குறைப்பதா, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா என்ற முகாமைத்துவக் கேள்வி முழுவதும் ஒரே தீவுக்குள் அடங்கியிருக்கிறது. குறிகாட்டுவானிலிருந்து படகு, அவ்வளவுதான் செலவு.

கேள்வி: மகளை இதற்காக நேரே இந்தியாவுக்கு அனுப்பினால் நல்லதா?
– கொக்குவில் தாய்

பதில்: அம்மா, முதல் பட்டத்துக்கு வேண்டாம். இங்கே அரச பல்கலைக்கழகத்தில் படிப்பு இலவசம், அதை விட்டுவிட்டுக் காசு கொட்டத் தேவையில்லை. மேற்படிப்பு என்றால் வேறு கதை. தேராதூனில் 1982 இலிருந்து இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிப்பிக்கிறார்கள். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்களுக்கு இந்தியத் தூதரகம் விண்ணப்பம் கோரும்போது பாருங்கள். பெண்பிள்ளைக்குக் காட்டுவேலை சரிவருமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். காடு பிரச்சினை இல்லை. எங்கே தங்கவைக்கிறார்கள், கூட யார் வருகிறார்கள், கழிவறை இருக்கிறதா, இரவில் வாகனம் உண்டா என்று ஒவ்வொரு களப்பணிக்கு முன்பும் மகள் வெட்கப்படாமல் கேட்கட்டும். சரியான பதில் வராவிட்டால் அந்தத் தடவை போகவேண்டாம், அடுத்த தடவை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.