கல்யாணமாகிப் பல வருடமான பிறகும் நான் நெருங்கினால் கணவர் விலகுகிறார். அட்டாச்மென்ட் ஸ்டைல், அதாவது நெருக்கமானவரிடம் ஒட்டும் விதம்தான் காரணமா?

எங்கள் வீட்டில் 14 வருடமாக இதே கதைதான். வாக்குவாதம் முற்றினால் அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கிறாராம்! நான் கீழேயிருந்து போன் மேல் போன் போடுவேன். ஒருநாள் 11 மிஸ்டு கால் ஆனதும் போனையே அணைத்துவிட்டார். இந்த ஆளுக்கு என் மேல் துளி ஆசையும் இல்லை என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.

குழந்தைகள் அம்மாவிடம் ஒட்டும் விதத்தை மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் மூன்றாகப் பிரித்திருந்தார். நிம்மதியாக ஒட்டுவது, ஒதுங்குவது, பதறுவது. பெரியவர்களின் காதலிலும் இதே மூன்றும் இருப்பதாக 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். நான் பதறுகிற ரகம், அவர் ஒதுங்குகிற ரகம்.

என்னை உலுக்கியது வேறொரு தகவல். ஒதுங்குகிற குழந்தை, அம்மா அறையை விட்டுப் போனாலும் திரும்பி வந்தாலும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் இதயத்துடிப்பை அளந்தால் எகிறியிருக்கும். மாடியில் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரும் அப்படித்தானோ?

படுக்கையிலும் இதேதான் நடந்தது. சண்டை போட்ட இரவில்தான் நான் அதிகம் நெருங்குவேன். ஆசையால் இல்லை, சமாதானம் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள. அவருக்கோ அப்போதுதான் தனியாக விட்டால் போதும் என்றிருக்கும். அவர் திரும்பிப் படுத்தால் எனக்கு விடியும்வரை தூக்கம் வராது. தொட்டாலே பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நான் இதையெல்லாம் படித்த கையோடு "நீங்க ஒரு அவாய்டன்ட்" (ஒதுங்குகிற ரகம்) என்று கத்தினேன். நாலு நாள் பேச்சே இல்லை.

அப்புறம்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதுவரை நான் கூப்பிடக் கூடாது. சண்டை ராத்திரியில் தொடுவதென்றால் கையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. அதன் பிறகு அவராக நெருங்கி வரும் நாட்கள் கூடியிருக்கின்றன.

போன வாரம் படியில் நின்று "இருபது நிமிஷம்" என்றார். நான் அரிசி களைந்து உலை வைத்தேன். பதினெட்டாவது நிமிடம் போனைக் கையில் எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன். இருபத்திரண்டில் இறங்கி வந்தார். தொட்டி நிரம்பித்தான் இருந்ததாம்.