நேர்ச்சை தம்பியுடையது, டிக்கெட் யாருடையது?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா ஹார்ட் அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அப்பா பிழைச்சு எந்திரிச்சா கஷ்டமான காரியம் ஒண்ணு செய்றேன் மாதாவே" என்று நேர்ந்துகொண்டான். இப்போது அங்கே அவன் போகும் ஜெபக்குழு ஆகஸ்டில் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலை ஏறுகிறது. ஆளுக்கு நாலு லட்சம் திரட்ட வேண்டுமாம். அதில் இரண்டரை லட்சம் பயணச் செலவு. மீதி ஒன்றரை லட்சம், கடலில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ராமநாதபுரம் பக்கத்து இல்லம் ஒன்றுக்கு. எங்கள் மகளிர் குழு மூலமாக வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து அனுப்பச் சொல்கிறான். பங்குச்சாமியும் வருகிற ஞாயிறு பூசையில் அறிவிப்பதாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிறார். "அவன் மலை ஏறுறதுக்குக் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க எதுக்குக் காசு குடுக்கணும்?" என்கிறார். தம்பியோ, "இது ஊழியம்க்கா, விசுவாசம் இருந்தா கேள்வி கேக்க மாட்டே" என்கிறான். அவன் பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறான். நான் யார் பக்கம் நிற்பது?
– ஓர் அக்கா, பாம்பன்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் குதர்க்கம் எதுவும் இல்லை, சகோதரி. இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். தம்பியின் மனசிலும் குற்றமில்லை. அப்பாவுக்காகச் செய்த நேர்ச்சை, சேக்காளிகளோடு போகிற பயணம், பிள்ளைகளுக்கான தருமம் என்ற மூன்றையும் ஒன்றாக்கி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே தட்டை நீட்டுகிறான். சிக்கல் அங்கேதான்.

நேர்ச்சைக்காகக் கையேந்துவது நமக்குப் புதிதில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் நாலு பேரிடம் பிச்சை கேட்டு, விழுந்ததைக் காணிக்கைப் பெட்டியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழனிக்கும் திருப்பதிக்கும் மடிப்பிச்சை எடுத்துப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாலு வளையல் போட்ட வசதியான வீட்டுப் பெண்ணும் கூச்சத்தை விட்டு வாசலில் நின்று முந்தானையை ஏந்துவாள், கர்வம் போகட்டும் என்றுதான். ஆனால் அந்த மடியில் விழுந்த சில்லறை அப்படியே உண்டியலுக்குப் போகும். பஸ் டிக்கெட்டும் வழியில் குடிக்கிற டீயும் சொந்தக் காசு. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, மீறுகிறவரும் இல்லை.

மலை ஏறும் நேர்ச்சையும் அப்படித்தான். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து மலையாற்றூர் குரிசுமுடிக்குத் தவக்காலத்தில் போனால், மரச்சிலுவையைத் தோளில் வைத்துக் கல்லும் கரடுமான பாதையில் ஏறுகிற கூட்டத்தைப் பார்க்கலாம். கோயம்புத்தூர் வெள்ளியங்கிரியில் மூங்கில் கம்பை ஊன்றி ஏழு மலை ஏறுகிறார்கள். வழிச்செலவுக்கு ஊரில் ரசீது போட்டு வசூலித்தேன் என்று யாராவது சொன்னால் கூட வருகிறவர்களே சிரிப்பார்கள்.

தம்பியின் குழு பின்பற்றுவது இங்கிலாந்து போன்ற நாடுகளில் நெடுநாளாக நடக்கும் முறை. அதில் இரண்டு வகை உண்டு. ஏறுகிறவர் தன் செலவைத் தானே கட்டிவிட்டு, திரட்டுகிற பணம் முழுவதையும் தருமத்துக்குக் கொடுப்பது ஒன்று. குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டு, அதிலேயே உன் செலவையும் எடுத்துக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. தம்பி சேர்ந்திருப்பது இரண்டாவதில். அதைக் கெட்ட முறை என்று சொல்ல மாட்டேன், கொடுக்கிறவருக்கு விவரம் தெரிந்திருந்தால். உங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டில் வாங்கும் 500 ரூபாயில் 312 ரூபாய் சொச்சம் தம்பியின் விமானத்துக்கும் கூடாரத்துக்கும் போகிறது. பிள்ளைகளுக்குப் போவது 187 ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கைப் பூசையில் சத்தமாக வாசிக்கத் தம்பி சம்மதிப்பானா? கேட்டுப் பாருங்கள்.

கேட்கிற நேரம் அதைவிட மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபாய். அதிலிருந்து 500-ஐ உருவப் பார்க்கிறோம். உங்கள் குழுவில் பாசி எடுக்கப் போகிற பெண்களின் கையைப் பாருங்கள். பவளப்பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி எடுக்கிற காசு அது. துணி சுற்றியும் நகக்கண்ணில் உப்புப்புண் ஆறாது. தம்பி தேடுகிற கஷ்டமான காரியம் அங்கே தினப்படி வேலை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குழுத் தலைவி என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் தம்பி உங்களைப் பிடித்திருக்க மாட்டான். லோன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிற அக்கா வாசலில் வந்து நின்று 500 ரூபாய் கேட்டால், எந்தப் பெண் இல்லை என்பாள்? மனசுக்குள் திட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது கொடுப்பாள். அதற்குப் பெயர் தருமம் இல்லை. குழுப் பணமும் இந்தப் பணமும் ஒரே நோட்டில் ஏறினால் நாளைக்கு வங்கிக்காரர் முன்னால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். ஆகவே மகளிர் குழு வழியாக ஒரு ரூபாயும் வசூலிக்காதீர்கள். இதில் மட்டும் நான் கறார்.

இன்னொரு வேடிக்கை. பாம்பனில் கிளம்பும் ரூபாய் துபாய்க்குப் போய், பாதிக்கு மேல் செலவாகி, மிச்சம் திரும்ப ராமநாதபுரத்துக்கு வருமாம். இல்லம் பஸ் போகிற தூரத்தில்தானே இருக்கிறது? கொடுக்க நினைக்கிறவர் நேரே போய், அந்தப் பிள்ளைகளையும் பார்த்து, இல்லத்தின் ரசீதை வாங்கிக்கொண்டு வரலாமே.

இனி சட்டம். இதைத் தம்பி கவனமாகப் படிக்கட்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, உரிமம் பெற்ற அமைப்புகள்தான் நன்கொடை திரட்டலாம். தனி ஆள் வாட்ஸ்அப் குழுவில் "உதவுங்கள்" என்று அக்கவுண்ட் நம்பர் போடுவதும் குற்றம்தான். சிறையும் பெரிய அபராதமும் உண்டு. ஜெபக்குழு எந்த உரிமம் பெற்ற அமைப்பின் வழியாகத் திரட்டுகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வேலை செய்யப் போன இடத்தில் வழக்கில் மாட்டிக்கொண்டால் நேர்ச்சை வந்து ஜாமீன் எடுக்காது.

இந்தியப் பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி தன் சம்பளத்திலிருந்து வங்கி மூலமாக இல்லத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குழுவில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரரோ, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட நம் ஊர்க்காரரோ அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க இல்லத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020-இல் திருத்தம் வந்த பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். பதிவு இல்லாத இல்லத்தின் சாதாரணக் கணக்கில் எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுவிட்டால், நல்லது செய்யப் போய் அந்தப் பிள்ளைகளின் இல்லத்தையே விசாரணையில் மாட்டிவிடுவார்கள். வருமான வரிக் கழிவுக்கான ரசீது வரி கட்டுகிறவர்களுக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில். உங்கள் தெருவில் அதைக் கேட்பவர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

மலைக்கு வருவோம். நம் தீவில் பர்வதம் என்று பேர் வாங்கியிருக்கும் கெந்தமாதனமே ஒரு மணல்மேடு. கடல்மட்டத்தில் பிறந்து, கடல்மட்டத்திலேயே இருக்கும் துபாயில் வேலை பார்க்கிறவன் 5895 மீட்டர் ஏறப் போகிறான். தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவில் கயிறு கட்டித் தொங்க வேண்டியதில்லை, நடந்தே ஏறிவிடலாம். அதனால்தான் பலரும் அலட்சியமாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு அதற்குப் பழக நாள் கணக்கில் ஆகும். ஜிம்முக்குப் போன உடம்பு, போகாத உடம்பு என்ற பாகுபாடெல்லாம் அங்கே செல்லாது. அமீரகத்திலேயே ஜெபல் ஜெய்ஸில் ஏறிப் பழகலாம், காலுக்கு நல்லது. ஆனால் அது 2000 மீட்டரை எட்டாத மலை. உயரத்துக்கு உடம்பைப் பழக்காது.

எத்தனை நாள் திட்டம் என்று கேளுங்கள். ஐந்து நாளில் ஏறி இறங்குகிற திட்டம் மலிவு, ஆபத்து கூடுதல். ஏழெட்டு நாள் திட்டத்தில் உடம்பு பழக நேரம் கிடைக்கும். தலைவலியும் குமட்டலும் உயர நோயின் ஆரம்பம். போதையில் நடக்கிற மாதிரி கால் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், நடுராத்திரியானாலும். கடைசி ஏற்றம் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கும், உறைகிற குளிரில். ஜெபக்குழுவாகப் போகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு தனிச் சோதனை இருக்கிறது. "விசுவாசமா இரு, இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போவார்கள். படகில் ஏறும்போது சிலுவை போட்டுக்கொள்கிற உங்கள் வீட்டுக்காரர், கச்சான் காற்று தூக்கியடிக்கிற நாளில் கயிற்றை அவிழ்ப்பாரா? பாதி வழியில் காற்று மாறினால் டீசல் போனால் போகட்டும் என்று திரும்பிவிடுவார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்தச் சாமியாராவது சொல்லியிருக்கிறாரா? கோயில் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்று சாத்தான் சொன்னபோது இயேசுவே குதிக்கவில்லை. "திரும்பிடலாம்" என்று சொல்கிற உரிமை அந்தக் குழுவில் யாருக்கு என்று புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த ஆள் ஜெபத்தலைவராக இல்லாமல் மலை வழிகாட்டியாக இருப்பது நல்லது.

சாதாரணப் பயணக் காப்பீடு இவ்வளவு உயரத்துக்குப் பெரும்பாலும் செல்லாது. 6000 மீட்டர் வரை மீட்புச் செலவு தருகிற பாலிசியா என்று பார்க்க வேண்டும். அப்புறம், இவர்களுடைய மூட்டையைச் சுமக்க அந்த ஊர்ச் சுமைகாரர்கள் வருவார்கள். ஆளுக்கு 20 கிலோதான் என்று பூங்கா விதி. அவர்களுக்கு ஒழுங்கான கூலி கொடுக்கிற கம்பெனியா என்று விசாரிப்பதும் தருமத்தில்தான் சேரும். இதைத் தம்பியிடம் சொன்னால் எரிச்சல்படுவான், பரவாயில்லை.

ஆக, யார் பக்கம் நிற்பது என்கிறீர்கள். வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லுங்கள், தம்பிக்குப் பிடித்த குரலில். இப்படி ஒரு வாய்ஸ் நோட் போடலாம்: "தம்பி, நீ நேர்ந்துக்கிட்டது அப்பாவுக்காக. அந்தச் செலவு உன்னோடதாத்தான் இருக்கணும், இல்லாட்டி அது உன் நேர்ச்சையே இல்ல. ரெண்டரை லட்சத்தை நீ கட்டு. முடியலேன்னா அடுத்த வருசம் போ, மலை எங்கயும் போயிடாது. பிள்ளைங்களுக்கான காசை நான் கேக்குறேன், ஆனா உன் பேரைச் சொல்லிக் கேக்க மாட்டேன்." அவனால் கட்டவே முடியாதென்றால், லீவில் ஊருக்கு வரும்போது அப்பாவின் பெயரைச் சொல்லி ஓரியூருக்கு நடக்கட்டும். 1693-இல் புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய செம்மண் அது. தேவிபட்டினம், தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயிலோடு நடந்தால் அதுவும் கஷ்டமான காரியம்தான். கடைசிக் கொஞ்ச தூரம் அப்பாவும் கூட நடக்கலாம், டாக்டர் சரியென்றால். உச்சியில் நின்று கொடி பிடிக்கிற போட்டோ மட்டும் கிடைக்காது.

பங்குச்சாமியைச் சனிக்கிழமையே போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை விடாதீர்கள். மலை பற்றிய அறிவிப்பு வேண்டாம், இல்லத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் சாமி என்று கேளுங்கள். அதுவும் இப்போது வேண்டாம். ஜூன் 15-க்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போய், நாலு மீன்பாடு வந்து, கையில் காசு புழங்கட்டும். 500 என்று தொகை குறிக்க வேண்டாம், கொடுத்தவர் பட்டியலையும் வாசிக்க வேண்டாம். பணம் இல்லத்தின் ரசீதுப் புத்தகத்தில் ஏறட்டும். உங்கள் கைக்கு வரவே வேண்டாம். சாமி முதலில் முகம் சுளிக்கலாம். அந்த 312 ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் ஜூன் வரை காத்திருக்கக் கூடாது. தம்பி பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைக் குழுவின் மருத்துவப் படிவத்தில் எழுதினானா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஒரு மாத்திரை இருக்கிறது; கூட வருகிறவர்கள் கொடுத்தார்கள் என்று இவனும் வாங்கிப் போட்டுவிடுவான். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு அது சேருமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் மறைத்திருந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும். எழுதவில்லை என்று சொன்னால், எழுதி அனுப்பிய படிவத்தின் போட்டோ உங்கள் போனுக்கு வரும்வரை மற்ற பேச்சே பேசாதீர்கள்.