பெடலை விடுங்கள், முதலில் கிளீட்டின் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: நான்கு வருடமாக ரோடு பைக்கில் ஷிமானோ 105 பெடல் பயன்படுத்துகிறேன். டியூரா-ஏஸ், லுக் கியோ பிளேடு, ஸ்பீட்ப்ளே, இந்த மூன்றில் எதற்கு மாறலாம்? 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வலது முழங்கால் லேசாக வலிக்கிறது.

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எடைக்காக மாறுகிறீர்கள் என்றால் கணக்கைப் பாருங்கள். 105 ஜோடி சுமார் 265 கிராம், அதே ஷிமானோவின் டியூரா-ஏஸ் சுமார் 228. மிச்சம் 37 கிராம், பாட்டிலில் இரண்டு வாய் தண்ணீர். டியூரா-ஏஸின் பேரிங் அருமையாகச் சுழலும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழங்காலுக்கு அது தெரியாது. முழங்காலுக்குத் தெரிவது ஃப்ளோட், அதாவது பெடலில் மாட்டியபின் குதிகால் இடமும் வலமும் எவ்வளவு அசையலாம் என்பது.

அதை முடிவு செய்வது கிளீட், அதாவது ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு. ஷிமானோவில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி அசையும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. 105 பெட்டியில் மஞ்சள் வரும். டியூரா-ஏஸ் பெட்டியில் வழக்கமாக நீலம்தான். புதுப் பெடலோடு அதையும் யோசிக்காமல் மாட்டினால், இன்று லேசாக இருக்கும் வலி கூடிவிட வாய்ப்புண்டு. மஞ்சள் கிளீட் டியூரா-ஏஸிலும் பொருந்தும் என்பதால் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

லுக் கியோவில் கதை தலைகீழ். அங்கே சிவப்புக்குத்தான் அதிகம், 9 டிகிரி. சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். 'சிவப்பு கொடுங்க' என்று கடையில் பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிடாதீர்கள். ஷூவில் மூன்று துளை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் மாட்டாது. கியோ பிளேடில் ஸ்பிரிங்குக்குப் பதில் கார்பன் பட்டை. இறுக்கத்தை மாற்ற ஷிமானோவில் ஆலன் கீயால் திருகினால் போதும், இதில் பட்டையையே மாற்ற வேண்டும்.

முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்பீட்ப்ளே. 0 முதல் 15 டிகிரி வரை, உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பெடலின் மேல், கீழ் இரண்டு பக்கமும் மாட்டும் என்பதால் சிக்னலில் குனிந்து தேட வேண்டாம். தொல்லையும் உண்டு. பூட்டும் பொறி கிளீட்டுக்குள் இருப்பதால், டீக்கடை மணலில் நடந்துவிட்டு வந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். மூன்று துளை ஷூ என்றால் நடுவே அடாப்டர் தட்டும் வேண்டும். உயரம் மாறுவதால் சீட்டையும் திரும்பச் சரிபாருங்கள்.

சரி, நான் என்ன செய்வேன்? இப்போதைக்கு 105-ஐயே வைத்துக்கொள்வேன். மஞ்சள் கிளீட் தேய்ந்திருந்தால் புதிது மாட்டி, பைக் ஃபிட் (உடலுக்கு ஏற்ப பைக்கை அமைப்பது) தெரிந்தவரிடம் கிளீட் கோணத்தைச் சரிசெய்வேன். வலி அப்புறமும் விடவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத்தான் ஸ்பீட்ப்ளே. முழங்கால் சரியாகி, பணமும் கையில் இருந்தால் பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) உள்ள பெடலை யோசிக்கலாம், அந்தச் செலவுக்காவது அர்த்தம் உண்டு.

பழைய கிளீட்டைக் கழற்றும் முன் ஷூவின் அடியில் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.