“தெர்ல மாப்ள” என்பதும் பதில்தான்

கேள்வி: புலன் கூர்மையை அளக்கும் சோதனையில் ‘எவ்வளவு உறுதி?’ என்றும் கேட்கிறார்களே, அது ஆளுக்கு ஆள் மாறாதா? அதை நம்பி எப்படி அளப்பது?

ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் மாமா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைக் கட்டைவிரலால் தடவி தடி, சன்னம் என்று பிரிப்பவர். நினைத்துப் பாருங்கள்: 100 தடித் தோல், 100 சன்னத் தோல். சந்தேகம் வந்தாலே ‘தடி’ என்பவர் தடியில் 93ஐப் பிடிக்கிறார், சன்னத்தில் 69ஐயும் தடி என்கிறார். தயங்குகிற புதுப் பையன் தடியில் 31ஐத்தான் பிடிக்கிறான், ஆனால் சன்னத்தில் தவறுவது 7 மட்டும். யாருடைய விரல் கூர்மை? கூர்மையையும் துணிச்சலையும் தனித்தனியாகப் பிரிக்கும் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாட்டின்படி கணக்குப் போட்டால், இருவருக்கும் டி-பிரைம் (கூர்மையை மட்டும் காட்டும் எண்) ஏறக்குறைய 1. விரல் ஒன்றுதான், துணிச்சல்தான் வேறு.

இந்தத் துணிச்சலைப் பிரித்தெடுக்கத்தான் உறுதி மதிப்பீடு. ‘நிச்சயம் தடி’ முதல் ‘நிச்சயம் சன்னம்’ வரை 6 படி வையுங்கள். முதல் படியை மட்டும் ‘தடி’ என்று எண்ணினால் அதே ஆள் கறாரானவர். இரண்டாவதையும் சேர்த்தால் கொஞ்சம் தாராளமானவர். இப்படியே போனால் ஒரே உட்காரலில் ஆர்.ஓ.சி. வளைவுக்கு (தடியைச் சரியாகப் பிடித்த விகிதத்தை, சன்னத்தைத் தடி என்ற விகிதத்துக்கு எதிரே வைத்து வரையும் கோடு) 5 புள்ளிகள் கிடைக்கும். ஆள் எவ்வளவு துணிந்தவர் என்பது புள்ளிகளை வளைவின் மேலேயே நகர்த்தும். வளைவு எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதுதான் கூர்மை. உறுதியைக் கேட்காவிட்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சோதனை நடத்த வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதைவிடப் பழையது. 1884இல் பியர்ஸ், ஜாஸ்ட்ரோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விரலில் எடையை அழுத்தி, அது கூடியதா குறைந்ததா என்று கேட்டார்கள். உறுதிக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். வித்தியாசமே தெரியவில்லை என்று 0 போட்ட இடங்களிலும், ஊகித்துச் சொன்ன பதில்களில் ஐந்துக்கு மூன்று சரியாக இருந்தன. தனக்கே தெரியாமல் விரலுக்குத் தெரிந்திருக்கிறது!

படித்ததும் மாமாவிடம் ஓடினேன். ஜோடி ஜோடியாகத் தோல் துண்டுகளைக் கொடுத்து எது தடி என்று கேட்டேன். “தெர்ல மாப்ள” என்று தள்ளிவிடப் பார்த்தார். “பரவால்ல மாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்று 0 போட்டுக்கொண்டேன். அப்படிப்பட்ட 20இல் 13 சரி. காசு சுண்டினாலும் இது வரக்கூடும், அதனால் இப்போதைக்கு எதுவும் சொல்லமாட்டேன். பொங்கல் லீவுக்கு 200 ஜோடி வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.