நகல் வாங்காமல் படி இறங்காதீர்கள்: காவல் நிலையக் கேள்வி பதில்

பதில்களில் வரும் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டங்களுடையவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் (கு.வி.மு.ச.) இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.). ஸ்டேஷனில் பலருக்கு இன்னும் பழைய எண்தான் வாயில் வருகிறது. தேவையான இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

ஒரத்தநாடு: சார், எங்கள் போர் மோட்டார் வயரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் "சின்னத் திருட்டு, பார்ப்போம்" என்கிறார்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கு ரசீது. அதை வைத்து யாரும் புலன்விசாரணை செய்யக் கடமைப்பட்டவர் இல்லை. உங்களுக்கு வேண்டியது பி.என்.எஸ்.எஸ். 173-இன் கீழ் வழக்குப் பதிவு, அதாவது எஃப்.ஐ.ஆர்.

வயர் திருட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் அதில்தான் விழுகிறார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணையே அப்படித்தான் சொல்கிறது. "வயர் திருடு போச்சு" என்று ஒரு வரியில் மனு எழுதினால் ரைட்டர் மதிப்பை 4,000 என்று போட்டு மூடிவிடலாம். அதனால் மனுவில் இதெல்லாம் வர வேண்டும்: வயர் எத்தனை மீட்டர், எத்தனை கோர், எத்தனை சதுர மி.மீ.; வாங்கிய பில், அது இல்லையென்றால் இன்றைய தேதியில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலை; ஸ்டார்ட்டர் பெட்டியை உடைத்திருந்தால் அதன் விலை தனியாக.

அடுத்தது முக்கியம். மோட்டார் நின்றதால் வயலுக்குத் தண்ணீர் நின்றது அல்லவா? விவசாயத்துக்கான நீர்வரத்தைக் குறைக்கும் சேதம் பி.என்.எஸ். 326(a). ஐந்து ஆண்டு வரை தண்டனை, போலீஸ் நேராக வழக்குப் பதியலாம். எந்தப் பயிர், எத்தனை மா, எத்தனை நாள் பாய்ச்சல் இல்லை என்று எழுதி, அந்தப் பிரிவையும் கேளுங்கள். இரண்டு குற்றத்தில் ஒன்று பதியத்தக்கதாக (போலீஸ் நேராக வழக்குப் பதியக்கூடியதாக) இருந்தால் மொத்த வழக்கும் பதியத்தக்கதே, பி.என்.எஸ்.எஸ். 174(4).

வாய்க்கால் கரையில் கருகிய பிளாஸ்டிக் நாற்றமும் கறுப்புச் சாம்பலும் எங்காவது தென்படுகிறதா என்று பாருங்கள். மேல்தோலை எரித்துத்தான் செம்பை எடுப்பார்கள். அந்த இடத்தை மிதிக்காமல் படம் எடுத்து போலீசுக்குக் காட்டுங்கள். செம்பு போய்ச் சேரும் பழைய இரும்புக் கடைக்கு, திருட்டுப் பொருளை வாங்கியதற்காக பி.என்.எஸ். 317 இருக்கிறது.

அப்படியும் பதியவில்லையென்றால் மனு, சி.எஸ்.ஆர். நகல் இரண்டையும் எஸ்.பி.க்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4). அங்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் 175(3), அதாவது பழைய 156(3). எஸ்.பி.க்கு அனுப்பிய ரசீது இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வரும். பதியத்தக்க குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியாகிவிட்டது.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: மனு இரண்டு பிரதி. ஒன்றில் தேதி, முத்திரை, கையெழுத்து வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.

பாபநாசம்: ஐயா, செல்போன் தொலைந்துவிட்டது. சி.எஸ்.ஆர். போதுமா?

தொலைந்ததற்குப் போதும். அதை வைத்து சிம்மை மாற்றிக்கொண்டு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (செல்போனின் அடையாள எண்) முடக்குங்கள். பறித்துக்கொண்டு போனதை "தொலைந்தது" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். பறிப்புக்குத் தனிப் பிரிவே வந்துவிட்டது, பி.என்.எஸ். 304.

வேதாரண்யம்: சி.பி.ஐ. என்று சொல்லி வீடியோ காலில் அப்பாவை இரண்டு நாள் நகரவிடாமல் உட்கார வைத்து, பணத்தை அனுப்ப வைத்துவிட்டார்கள் சார்.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதைப் படித்து முடிக்கும் முன்பே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்துவதுதான் வேலை. ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்.

குத்தாலம்: எங்கள் ஊரில் கோயில் பொதுப்பணத்தில் 16 கேமரா வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

16 வேண்டாம், நாலு வையுங்கள். கணக்கைப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 21.6 ஜி.பி. பதினாறுக்கும் சேர்த்து 345 ஜி.பி. 2 டி.பி. டிஸ்க் போட்டால் ஆறு நாள்கூட நிற்காது. வெளியூர் போய்த் திரும்பியவர் பத்து நாள் கழித்துத்தான் பூட்டு உடைந்ததைப் பார்ப்பார். நாலு கேமராவும் 4 டி.பி.யும் இருந்தால் தாராளமாக ஒரு மாதம்.

நாலில் இரண்டு ஊருக்குள் வரும் வழியிலும் போகும் வழியிலும். அவை வண்டி நம்பருக்கு மட்டும். சாதாரண கேமராவை உயரத்தில் மாட்டினால் ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பலகை வெள்ளையாகப் பூத்துப் போகும். நம்பருக்கான கேமராவின் ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும். வண்டியைப் பார்க்கும் கோணம் 30 டிகிரிக்குள். முகத்துக்கான கேமரா பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், அதற்கு மேலே போனால் தலைமுடிதான் தெரியும்.

நம் பக்கத்துச் சங்கடம் பூச்சி. கேமராவின் உள்விளக்கை ஒட்டிச் சிலந்தி வலை கட்டும், சம்பா பருவத்தில் தத்துப்பூச்சி மொய்க்கும். ஒரு இழை வலை போதும், படம் முழுக்க வெள்ளைக் கோடு. அகச்சிவப்பு விளக்கைத் தனியாக வாங்கி மூன்றடி தள்ளி மாட்டுங்கள், வாரம் ஒருமுறை துடையுங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது, அதற்கப்பால் ஃபைபர். எர்த் சரியில்லையென்றால் ஐப்பசி இடிக்கு முதல் பலி ரெக்கார்டர்தான்.

ரெக்கார்டர் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால் குறுக்கு விசாரணையில் அது ஒன்றே போதும். வாரம் ஒருமுறை சரிபார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பாஸ்வேர்டு மாட்டிய பையனிடம் மட்டும் இருக்கக் கூடாது. காட்சியைக் கோர்ட்டில் ஏற்க, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன்படி இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும் எண்). ரெக்கார்டரிலிருந்து நேராக பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள்.

காட்சியை வாட்ஸ்அப்பில் ஏற்றி "இவனைத் தெரியுமா" என்று கேட்காதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்தல் வதந்தியால் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். படித்துறை, குளக்கரை பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக் கூடாது. குளிக்கும் பெண்களைப் படம் பிடித்தால் பி.என்.எஸ். 77-இல் வழக்கு வரும்.

மன்னார்குடி: கேமராவை இவ்வளவு மட்டம் தட்டுகிறீர்களே அண்ணே! எங்கள் ஊரில் ஆடு திருடியவன் கேமராவால்தான் மாட்டினான்.

மாட்டினான் என்பது வேறு, திருட்டு குறைந்தது என்பது வேறு. 40 ஆண்டு கேமரா ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த மதிப்பீட்டில் மொத்தக் குற்றம் சுமார் 13 சதவீதம்தான் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்த இடம் வண்டி நிறுத்துமிடம். அடிதடி, வெட்டுக்குத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. யாராவது உட்கார்ந்து பார்க்கும் கேமராவுக்குப் பலன் கூடுதல், சும்மா பதிவாகும் கேமராவுக்குக் குறைவு. ஊர்க் கேமரா எல்லாம் இரண்டாவது வகை.

திருவையாறு: அப்படியானால் அந்தப் பணத்துக்குத் தெருவிளக்குப் போடலாமே?

போடலாம். 2016-இல் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் சீட்டுக் குலுக்கி விளக்குக் கோபுரம் வைத்துப் பார்த்தார்கள். வெளியிடங்களில் இரவு நேரக் கடுங்குற்றம் சுமார் 36 சதவீதம் குறைந்தது. நியூயார்க் நம்மூர் இல்லைதான். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும் உள்ள இருட்டை ஒரு நாள் ராத்திரி நடந்து பார்த்தால் எந்தக் கம்பத்துக்கு முதலில் விளக்கு என்பது தெரிந்துவிடும். பழுதான விளக்கை மூன்று நாளில் மாற்ற ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

மன்னார்குடி: விளக்கு வந்து சாட்சி சொல்லுமா அண்ணே?

சொல்லாது. திருட்டு நடக்காவிட்டால் சாட்சியும் வேண்டாமே.

கீழ்வேளூர்: அக்கம்பக்கம் பேசுவதை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள் ஐயா. எங்கள் ஊரில் நாலு கேமராவில் மூன்று எங்கள் தெரு வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. திரை மேலத்தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

இல்லை. இந்த விவாதத்தில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி இது. 1968-இல் 44 பேர் எரிந்து செத்த வெண்மணி உங்கள் பக்கத்தில்தான். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அங்கே வெறும் கேமரா சமாச்சாரம் ஆகாது.

எழுத்தில் மூன்று கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டில் எந்தத் தெருவில் என்னென்ன திருட்டுப் பதிவாகியிருக்கிறது. எந்தக் கேமரா எந்தத் திசை என்ற வரைபடம். காட்சியைப் பார்க்கும் உரிமை யாருக்கு. திரை தனியார் வீட்டில் இருக்கக் கூடாது, பூட்டிய பொது அறையில் இருக்க வேண்டும், திறந்தவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும், எல்லாத் தெருவுக்கும் குழுவில் ஆள் இருக்க வேண்டும். மனு டி.எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும். காட்சியை வைத்து மிரட்டல், சாதிப் பேச்சு என்று போனால் அது வன்கொடுமை தடுப்புச் சட்டம். அந்த வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்.

குத்தாலம்: நாங்கள் திசையை மாற்றிவிடுகிறோம் சார். நாலு கேமரா, மீதிக்கு விளக்கு என்று ஊரில் பேசுகிறோம்.

பேசும்போது அந்தத் தெருக்காரர்களும் இருக்கட்டும்.

நன்னிலம்: சார், சி.எஸ்.ஆர். கொடுத்தால் வழக்குப் பதிந்த மாதிரிதானே?

இல்லை. முதல் பதில்.

கும்பகோணம்: எங்கள் தெருக் கோயிலில் ஐந்து ஐம்பொன் மேனிகள். இரும்புக் கதவு போட்டால் போதுமா?

கதவுக்கு முன் படம். ஒவ்வொரு மேனிக்கும் முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி. பக்கத்தில் அளவுகோல் வைத்து, அலங்காரம் இல்லாமல். உயரம், எடை, உடைசல், ஒட்டு எல்லாம் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மேனிகள் பலவற்றுக்குக் கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். படம் இல்லாத சாமி நம்முடையது என்று நிரூபிக்க வழியில்லை. ஆள் தங்காத கோயில் என்றால் திருவாரூர் உலோகத் திருமேனி பாதுகாப்பு மையத்தில் வைக்க அறநிலையத் துறையிடம் கேளுங்கள்.

நாகப்பட்டினம்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க ஒரே இடத்தில்தான் தடுப்பு வைக்கிறார்கள். பலன் உண்டா?

நாலாம் நாள் எல்லோரும் உள்சாலையில் போவார்கள். ராஜஸ்தானில் இதைச் சோதித்தார்கள். இடம் மாற்றி மாற்றி வைத்த பகுதிகளில் இரவு விபத்து 17 சதவீதமும் சாவு 25 சதவீதமும் குறைந்தது. ஒரே இடத்தில் வைத்ததற்குச் சொல்லும்படி பலனில்லை. உங்கள் டி.எஸ்.பி.க்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், உள்சாலைகளின் பெயரோடு.

அணைக்கரை: கொள்ளிடத்தில் ராத்திரி மணல் வண்டி போகிறது. பையன்கள் மறித்துப் படம் எடுக்கலாமா?

மறிக்காதீர்கள். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராம நிர்வாக அலுவலரையே அலுவலகத்தில் வெட்டிக் கொன்றார்கள். வண்டி நம்பர், நேரம், எந்த இறங்குதுறை என்பதைத் தொலைவிலிருந்து குறித்து 112-க்குச் சொல்லுங்கள், வட்டாட்சியருக்கும் கனிமத் துறைக்கும் எழுதுங்கள். "கனிமச் சட்டம், நாங்கள் வழக்குப் போட முடியாது" என்று ஸ்டேஷனில் சொன்னால், திருட்டு வழக்கு தனியாக நிற்கும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள்.

திருத்துறைப்பூண்டி: எங்கள் அம்மாவுக்கு 64 வயது. தம்பி வழக்கில் சாட்சி என்று தினமும் போனில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள் சார்.

போக வேண்டாம். சாட்சியான பெண்ணை, எந்த வயதானாலும், வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். 60 தாண்டிய ஆணுக்கும் 15-க்குக் கீழ்ப்பட்ட பையனுக்கும் அதேதான், பி.என்.எஸ்.எஸ். 179. போனில் கூப்பிடுவது சம்மன் ஆகாது. "வீட்டில் விசாரிக்க ஒத்துழைக்கத் தயார்" என்று எழுதி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள், ஓடி ஒளிந்தார் என்ற பேச்சு வராது.

தம்பியை ஸ்டேஷனில் அடித்தார்கள் என்ற சந்தேகம் இருந்தால் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்றைக்கே எஸ்.பி.க்கு எழுதுங்கள், தேதியும் நேரமும் போட்டு. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வைக்கச் சொன்னது 18 மாதப் பதிவு. கேட்கும்போது "கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பேராவூரணி: சார், சி.எஸ்.ஆர். காகிதம் தொலைந்துவிட்டது. நகல் எடுக்கவில்லை.

அடடா! ஸ்டேஷன் பெயர், எண், ஆண்டு நினைவிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலை பார்க்கும் பகுதியில் தேடுங்கள். எண்ணும் மறந்துவிட்டதென்றால் மனு கொடுத்த தேதியைச் சொல்லி ஸ்டேஷனில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறை செல்போனிலாவது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.