பாரத்தை இறக்கிய பின்னும் தண்டு நீண்டே இருந்தால்

வாசகர் கேள்வி: இரு முனைகளிலும் மரை வெட்டிய மென் எஃகுத் தண்டு ஒன்றில் 1 டன் பாரத்தைத் தொங்கவிட்டேன். தண்டின் விட்டம் 8 மி.மீ., நீளம் 2 மீட்டர். பாரம் ஏறியதும் தண்டு 3 மி.மீ. நீண்டது, இறக்கியதும் 2 மி.மீ. சுருங்கியது, மீதி 1 மி.மீ. அப்படியே நின்றுவிட்டது. முறியவில்லை என்பதால் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பயன்படுத்தக் கூடாது. திரும்பி வராத அந்த 1 மி.மீ. எங்கே உண்டானது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. நீட்சியை மூல நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. 1 டன் பாரத்தின் எடை 9,810 நியூட்டன். தண்டின் நடுப்பகுதியில் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. என்பதால், அங்கே தகைவு ஏறத்தாழ 195 மெகாபாஸ்கல்தான் (ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்). சாதாரண மென் எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் வரை மீட்சித்தன்மையோடு, அதாவது பாரத்தை இறக்கியதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் தன்மையோடு, இருக்கும். எஃகின் யங் குணகம் (மீட்சி எல்லைக்குள் தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைக்கும் எண்) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், அதாவது 2,00,000 மெகாபாஸ்கல், என்று கொண்டு கணக்கிட்டால், 2 மீட்டருக்கு வரும் நீட்சி சுமார் 2 மி.மீ.; சுருங்கித் திரும்பியது இதுவே.

மரைப் பகுதியின் நிலைமை வேறு. 8 மி.மீ. மரையில் விசையைத் தாங்கும் பரப்பு ஏறத்தாழ 36.6 சதுர மி.மீ. மட்டுமே; ஆகவே தகைவு அங்கே 268 மெகாபாஸ்கலாக உயர்ந்து, மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. முழுத் தண்டுக்கும் பகிர்ந்தால் அற்பமாகத் தோன்றும் 1 மி.மீ., சில சென்டிமீட்டர் நீளமுள்ள மரையில் குவிந்திருக்கிறது என்பதே கவலைக்குரியது. புதிய நட் ஒன்றைக் கையால் திருகிப் பாருங்கள். வழியில் இறுகி நின்றால் புரியிடைத் தூரம் (அடுத்தடுத்த இரண்டு மரைப் புரிகளுக்கு இடையிலான தூரம்) நீண்டுவிட்டது என்று பொருள். எளிதாக ஓடினாலும் அதைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

அதே பாரத்தை மறுமுறை ஏற்றினால் தண்டு மேலும் நீளாமல் இருக்கலாம். ஒருமுறை நிலையாக நீண்ட எஃகு கடினமாகிவிடுவதே அதற்குக் காரணம். பலரும் ஏமாறுவது இங்கேதான். கடினமானதற்கு ஈடாக, முறிவதற்கு முன் நீண்டு எச்சரிக்கும் தன்மையில் ஒரு பகுதியை அது இழந்திருக்கும். மரையின் அடிப்பள்ளங்களில் தகைவு மேலும் குவிவதால், பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே நுண்விரிசல் வளர வாய்ப்புண்டு.

மாற்றுத் தண்டுக்கு 12 மி.மீ. போதும் என்று தோன்றலாம். மென் எஃகின் முறிவுத் தகைவு சுமார் 410 மெகாபாஸ்கல்; அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரையில் தகைவு ஏறாதிருக்க வேண்டுமானால், 1 டன்னுக்கு 120 சதுர மி.மீ. பரப்பு தேவை. 12 மி.மீ. மரையில் 84 சதுர மி.மீ.தான் உண்டு, 157 சதுர மி.மீ. தரும் 16 மி.மீ. மரையைத் தேர்ந்தெடுங்கள்.