சிறையிலிருந்து வரும் பெண்களுக்கான மறுவாழ்வுத் திட்டம் என்றால் என்ன? கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு குடியிருப்பே அதை நடத்த முடியுமா?

முடியும். தண்டனை முடிந்தவர் தங்க இடம், வேலை, குடும்பம் என்று மீண்டும் கால் ஊன்ற உதவும் ஏற்பாடுதான் இது. நல்ல திட்டம் விடுதலை நாளுக்குக் காத்திருக்காது. அந்தப் பெண் காஜாங் பெண்கள் சிறையில் இருக்கும்போதே தொடங்கிவிடும்.

பெண்களுக்கு ஏன் தனியாக? ஆண் உள்ளே போனால் வீட்டை மனைவியோ அம்மாவோ தாங்கிப் பிடிப்பார். பெண் போனால் பல நேரம் வீடே கலைந்துவிடும். பிள்ளைகள் பாட்டியிடமோ குழந்தைகள் இல்லத்திலோ இருப்பார்கள். திரும்பிப் போகிற வீட்டில் அடிக்கிற கணவனும் இருக்கலாம். ஊர்ப்பேச்சு வேறு, நம்மவர்களிடம் அது கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்வேன். பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றி 2010-இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளில் 46-ஆவது விதி, உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து, பெண்களின் தேவைக்கேற்ப இதை வடிவமைக்கும்படி சிறை நிர்வாகத்துக்குச் சொல்கிறது.

மாவுக்கட்டுப் பிரித்த காலை நினைத்துப் பாருங்கள். எலும்பு கூடிவிட்டாலும் அன்றே படியேற முடியாது. கொஞ்ச நாள் பிடிமானம் வேண்டும்.

பெரிய கட்டடம் தேவையில்லை. பாதுகாப்பான ஓர் அறை, ஐசி (அடையாள அட்டை) தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூடவே போக ஒருவர், பழைய கதை தெரிந்தும் வேலை தரும் ஒரு கடை முதலாளி. அப்புறம் சிறை இலாகாவிடமும் சமூக நல இலாகாவிடமும் பேசுங்கள்.

தையல் வகுப்பு நடத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தங்க இடமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாதவர் அந்த வகுப்புக்கே வர முடியாது.